எருமைக் கப்பல்

பெரியப்பா இறந்த அன்று நம் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் கும்பிட்ட கைகளாக வந்து குவிந்தன. செத்தவரைக் கும்பிடுவதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. பேரன் பேத்தி எடுத்து, படுக்கையில் கிடந்து யாரையும் படுத்தாமல், காலையில் காப்பி குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தவர். கல்யாணச் சாவு. என் வயிறு எரிந்தது அந்த பேனரைப் பார்த்துத்தான். நம்மில் ஒரு மகராசன் அதைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். மாலை போட்ட படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில்: "தீவிரவாதிகளின் பிடியிலிருந்து ஊர்ப் பிள்ளைகளைக் காத்த தெய்வமே!"

அடேயப்பா! காத்தாராம்.

நமக்கெல்லாம் நாற்பது தாண்டிவிட்டது. ரேஷன் கார்டைப் படிக்கக்கூடக் கண்ணாடி தேடுகிறோம். இந்த வயதிலாவது உள்ளதை உள்ளபடி சொல்லாவிட்டால் எப்போது சொல்வது? பேனரில் இருக்கிற 'ஊர்ப் பிள்ளைகள்' வேறு யாரும் இல்லை, நானும் டெய்லர் மகளும்தான். 'தீவிரவாதி' யார் தெரியுமா? சென்டர் அக்கா. உங்களில் பாதிப் பேருக்கு எழுத்து எழுத்தாகத் தட்டச் சொல்லிக்கொடுத்தவள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது புள்ள, பேரு மட்டும் போடாத" என்றாள். அதனால் இதில் யார் பெயரும் இருக்காது. ஆனால் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களும் குரூப்பில் இருக்கிறார்கள், அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

மாரண்டஹள்ளி போகும் ரோட்டில் கண்டக்டர் வீட்டு முன்னறைதான் கம்ப்யூட்டர் சென்டர். கண்டக்டரின் மூத்த மகள் அக்கா. தருமபுரியில் டிப்ளமோ முடித்தவள். மூன்று கம்ப்யூட்டர். மூன்றுக்கும் பூப்போட்ட துணியில் உறை, டெய்லர் தைத்துக் கொடுத்தது. செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே நுழைந்தால் ஊதுபத்தியும் சூடேறிய ஒயரும் கலந்து ஒரு வாசனை வரும். எதிர்ப்புறம் தக்காளி லாரி ஏற்றுகிற இடம் என்பதால் அழுகின தக்காளி வாடையும் கூடவே வரும். அந்த வாடை எங்கே வந்தாலும் எனக்கு இன்றைக்கும் விரல் துறுதுறுக்கிறது.

அந்த சென்டர் சும்மா வந்ததில்லை. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது அவள் வேண்டாம் என்று சோறு தின்னாமல் கிடந்தாள். கண்டக்டர் இறங்கி வந்து ஒரு வார்த்தை கொடுத்தார். பஸ்ஸில் விசில் ஊதுகிற மாதிரி நாலு வீட்டுக்குக் கேட்கச் சொன்னார்:

"இந்தச் சித்திரைல இருந்து அடுத்த சித்திரை வரைக்கும் ஓட்டிக் காட்டு. ஓடுச்சுன்னா உன் இஷ்டம், கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன். நடுவுல நின்னு போச்சுன்னா நான் காட்ற எடத்துல கழுத்த நீட்டணும். சரியா?"

"சரிப்பா" என்றாள் அக்கா. தெருவே கேட்டது.

ஆகவே அந்த ஷட்டர் திறந்திருக்கிற வரைக்கும் அக்கா அவள் இஷ்டத்துக்கு இருக்கலாம். எங்களுக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும். எங்களுக்கே அது புரிந்திருந்தது.

மார்கழி வந்தது. நம் ஊரில் பெண்பிள்ளை விடியுமுன்னே வாசல் தாண்டிப் போனால் யாரும் ஏன் எதற்கு என்று கேட்காத ஒரே மாதம் அதுதான். கோயில் மைக்செட் பாட்டுப் போட்டதும் எழுந்து, பல் கிடுகிடுக்க, கோலப்பொடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். "கோலம் போடப் போறேன்" என்றால் போதும். அக்காவுக்குக் கோலம் சுட்டுப்போட்டாலும் வராது. சென்டர் வாசல் மொட்டையாக இருக்கிறது என்று கண்டக்டர் வீட்டம்மா தினமும் முணுமுணுத்தார். அக்கா எங்கள் இருவரையும் பிடித்தாள்.

"என் வாசலுக்கு நீங்க கோலம் போடுங்க. கிளாஸ் தொடங்கற வரைக்கும் கம்ப்யூட்டர் உங்களுது."

யாருக்குக் கிடைக்கும் அந்த யோகம்? அவசர அவசரமாகச் சாணி தெளித்து, புள்ளி வைத்து, இழுத்து முடித்துவிட்டு உள்ளே ஓடுவோம். "கைய தொடச்சுட்டுத் தொடுங்கடி, கீபோர்டெல்லாம் மாவு!" என்று அக்கா துணியை வீசுவாள்.

அக்காவுடன் படித்தவள் ஒருத்தி பெங்களூரில் இருந்து ஒரு சிடி வாங்கிவந்து கொடுத்திருந்தாள். கடல் சண்டை ஆட்டம். நீர்மூழ்கிக் கப்பலை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு அடியில் போய் எதிரிக் கப்பலைக் கவிழ்க்க வேண்டும். சாயங்காலம் வருகிற பையன்கள் எல்லாரும் ஜெர்மன்காரன் கப்பலைத்தான் எடுப்பார்கள். பையன்களே, நீங்கள் இந்த குரூப்பில்தான் இருக்கிறீர்கள், இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்! விருட்டென்று ஓடும், விருட்டென்று மூழ்கும். மிச்சம் இருந்தது ரஷ்யப் பக்கம். சோவியத் ஆட்சி வந்த பிறகு அவர்கள் முதன்முதலாகக் கட்டிய நீர்மூழ்கி வகை. அந்தப் பக்கத்தை எடுத்தால் கையில் தருவது அது ஒன்றைத்தான். பையன்கள் தொடவே மாட்டார்கள் என்பதால் எங்கள் ஆட்டத்தை அங்கே சேமித்து வைத்தால் யாரும் கெடுக்க மாட்டார்கள் என்று அக்காதான் யோசனை சொன்னாள்.

அதை முதலில் மூழ்கச் சொன்னபோது நடந்த கூத்து இருக்கிறதே! மூக்கு இறங்கியது, வால் இறங்கவில்லை. ஆடியது, அசைந்தது, கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்து யோசித்தது. எதிரிக் கப்பல் குண்டு போட்டுக்கொண்டே வருகிறது, இது நிதானமாக இறங்குகிறது. டெய்லர் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். அவர் மகள் தலையில் கை வைத்து, "அய்யோ தேவரே, இது எங்க ஏரில எறங்கற எருமக்கா" என்றாள். அன்றிலிருந்து எருமைக் கப்பல்.

ஆனால் எருமையைப் பழகியவர்களுக்குத்தான் எருமையின் அருமை தெரியும். முன்னால் ஆறு குழாய், பின்னால் இரண்டு, எட்டிலும் டார்பிடோ, தண்ணீருக்குள் ஓடிப்போய் வெடிக்கிற குண்டு. முன்னால் குறி தவறினாலும், ஓடி ஒளிகிறபோது பின்னாலிருந்து ஒன்று கொடுக்கலாம். மூழ்கிவிட்டால் பேட்டரியில் ஓடும். பேட்டரி தீர்ந்தால் அடியிலேயே கிடந்து சாக வேண்டியதுதான். அதனால் நடுநடுவே மேலே வந்து டீசல் எஞ்சினை ஓட்டிச் சார்ஜ் ஏற்ற வேண்டும். மேலே வந்தால் எவன் கண்ணிலாவது படுவோம். இதுதான் அதன் சூட்சுமம். நான் ஓட்டுவேன். டெய்லர் மகள் திரையில் வருகிற பச்சை வட்டத்தில் குறி பார்ப்பாள். அக்கா எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பேட்டரி முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பாள். முள் சிவப்பைத் தொட்டால் அவளுக்குப் பொறுக்காது. "பேட்டரி தீரப் போவுது, மேல வா, மேல வாடி!" என்று என் தோளைப் பிடித்து உலுக்குவாள்.

ஒருநாள் பெரிய சரக்குக் கப்பல் ஒன்றை, மூச்சைப் பிடித்து அடியில் காத்திருந்து, பின்குழாயால் கவிழ்த்தோம். மூன்று பேரும் போட்ட கூச்சலில் உள்ளறையில் கண்டக்டர் எழுந்துவிட்டார்.

"என்னடி அங்க சத்தம்?"

"டைப்பிங் கிளாஸுப்பா!"

"விடியக் காத்தாலயேவா?"

"பரிட்சை வருதுப்பா" என்றாள் அக்கா, முகத்தில் சிரிப்பே காட்டாமல். டெய்லர் மகள் தாவணியை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள், நானும்தான். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கப்புறம் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

இப்போது பெரியப்பா. என் அப்பாவின் அண்ணன். சென்டருக்கு அடுத்த வீடுதான் அவர் வீடு. ஏரிக்கரைப் புறம்போக்கை வேலி போட்டு வளைத்து, அங்கே மாடு மேய்த்தவர்களைத் தடியெடுத்து விரட்டியவர். அந்தக் காலத்தில் காட்டுப் பக்கம் இருக்கிற நக்சலைட் ஆட்களைப் பற்றி நம் பெரியவர்கள் எப்படிக் குசுகுசுவென்று பேசுவார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? எங்கேயாவது சுவரில் சிவப்பு நட்சத்திரம் போட்ட நோட்டீஸ் இருந்தால் அந்தத் தெருவே கதவைச் சாத்தும். அந்த ஐப்பசியில் ஏரிக்கரை மதகில் அப்படி ஒரு நோட்டீஸ் இருந்தது. "பொதுநிலத்தை விட்டு வெளியேறு" என்று. அதிலிருந்து பெரியப்பாவுக்குத் தூக்கம் இல்லை. யார் வந்து எட்டிப் பார்த்தாலும் சந்தேகம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

போகி அன்று தெருவில் கோலப் போட்டி. எல்லாரும் தாமரை, பொங்கல் பானை, கரும்பு என்று போட்டார்கள். நாங்கள் சென்டர் வாசலில் எருமைக் கப்பலைப் போட்டோம். நீலப் பொடியில் அலை. சாம்பல் நிறத்துக்குக் கரிப்பொடி கலந்தோம். முன்னால் ஆறு குழாய், ஒன்றுகூட விடவில்லை. கோபுரத்தில் ஆட்டத்தில் இருந்தபடியே ஒரு ரஷ்ய எழுத்து, பக்கத்தில் இரண்டு என்று எண், மேலே காவியில் சிவப்பு நட்சத்திரம். நட்சத்திரம் சரியாக வரும்வரை டெய்லர் மகள் அழித்து அழித்துப் போட்டாள். கடைசியில் மார்கழிக்கு முறையாகச் சாணி உருண்டையில் பூசணிப் பூ செருகிக் கோபுரத்து உச்சியில் வைத்தோம். தக்காளி லோடுமேன்கள் எல்லாரும் வந்து நின்று பார்த்தார்கள். பரிசு எங்களுக்குத்தான் என்று கண்டக்டர் வீட்டம்மாவே சொன்னார்.

பெரியப்பா மடிப்புக் கலையாத வேட்டியில் வந்தார். நின்றார்.

"என்ன இது?"

"சப்மரைனுங்க பெரியப்பா. தண்ணிக்குள்ள போற கப்பலு" என்றேன், பெருமையாக.

"யாரு கப்பலு?"

"ரஷ்யாக்காரங்களுதுங்க."

"இந்த ஸ்டார யாரு போடச் சொன்னது?"

"அதுல அப்படித்தானுங்க இருக்கு."

"எதுல?" அவர் குரல் உடைந்தது. "மதகுல ஒட்டிருந்தானுங்களே, அதே ஸ்டாரு. அதென்ன எழுத்து, பூனக் கால் போட்ட வூடு மாதிரி? பக்கத்துல ரெண்டுன்னு நம்பரு. இந்த ஷட்டரச் சேத்து எண்ணுனா ரெண்டாவது வூடு யார் வூடு? என் வூடு! கொழந்தைங்கள வுட்டு அடையாளம் போடறானுங்களா?"

அக்கா ஓடி வந்தாள். "ஐயா, அது வெளையாட்டுங்க. உள்ள வாங்க, காட்டறேன்."

"நீ காட்ற லட்சணம் தெரியுது. காலேஜ் போய் இதான் கத்துக்கிட்டு வந்தியா?"

சொல்லிக்கொண்டே செருப்புக் காலால் நட்சத்திரத்தைத் தேய்த்தார். சாதாரணமாக மிதித்துப் போவது வேறு. தேய்த்தார். நின்று, திருகித் திருகித் தேய்த்தார். பண்டிகை நாளில் பிள்ளைகள் போட்ட கோலத்தை! பிறகு அவரே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஊற்றினார். கரியும் நீலமும் காவியும் ஒன்றாகக் கலந்து சாக்கடைக்கு ஓடியது. பூசணிப் பூ மட்டும் தக்காளி லாரி டயர் வரைக்கும் மிதந்து போனது. டெய்லர் மகள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பூசணிப் பூ வைத்துக் கோலம் போடுகிற தீவிரவாதியை எந்த ஊரில் ஐயா பார்த்தீர்கள் என்று கேட்க எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன்.

பெரியப்பா சொல்லி, மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். கம்ப்யூட்டரைப் போடச் சொல்லிப் பார்த்தார்கள். கதையிலேயே வயிற்றெரிச்சல் இங்கேதான். அவர்கள் சிரித்துவிட்டார்கள்! "ஏனுங்க, இது கேமுங்க. எம் பையனும் இதே கதிதான்" என்று பெரியப்பாவிடமே சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்கள். போலீஸே ஒன்றும் இல்லை என்றுவிட்டது. அதோடு முடிந்திருக்க வேண்டாமா?

எங்கே முடிந்தது? அவர்கள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அவர்கள் வந்தது மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டது. "போலீஸ் ஏறின வூட்டுக்குப் பொட்டப் புள்ளைய அனுப்பறதா?" என்று தை முடியுமுன் ஒவ்வொரு வீடாக நின்றுகொண்டது. பையன்களையும் நிறுத்தினார்கள். உங்கள் வீட்டிலும்தான். டெய்லர் தன் மகளை மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பெரியப்பா டீக்கடையில் உட்கார்ந்து, "நல்ல வேள, நான் பாத்தேன்" என்று தொடங்கினார். போலீஸ் சிரித்ததைச் சொல்லவே இல்லை. ஒவ்வொரு நாளும் கதையில் ஒரு துப்பாக்கி கூடியது.

நான் சும்மா இருக்கவில்லை. என் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். எருமையை ஓட்டிக் காட்டினேன். மூழ்கி, காத்திருந்து, ஒரு கப்பலைக் கவிழ்த்தேன். அப்பா தன்னை மறந்து, "அட! பின்னாலயும் சுடுதா!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

வெளியே வந்ததும் சொன்னேன். "பெரியப்பாகிட்ட வந்து சொல்லுங்கப்பா. அது வெளையாட்டுன்னு நீங்க பாத்தீங்கல்ல?"

அப்பா செருப்பை மாட்டவே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். "தெரியுது கண்ணு. ஆனா அண்ணன் ஊரறியச் சொன்னத நான் போயி இல்லேங்கறதா? நாளைக்குப் பாகம் பிரிக்கணும், தண்ணி மொறை இருக்குது. நமக்கெதுக்கு வம்பு?"

அக்கா ஷட்டருக்குள் நின்று இதைக் கேட்டாள். என் அப்பா நல்லவர், அடித்ததில்லை, குடித்ததில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் ஆறவே மாட்டேன் என்கிறது. பெரியப்பாவுக்காவது பயம். அப்பாவுக்கு எல்லாம் தெரியும்.

கண்டக்டர் சொன்ன வார்த்தையை மறக்கவில்லை. சித்திரைக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் சென்டர் நின்றுவிட்டது. மாசியில் ஓசூருக்கு அப்பால் அக்காவுக்கு ஓர் இடம் முடிந்தது. கம்ப்யூட்டர்களைத் தக்காளிப் பெட்டியில் வைக்கோல் போட்டுக் கட்டுகிற அன்று நான் போய் நின்றேன். கடைசியாக ஒன்று கட்டாமல் இருந்தது. அக்கா அதுவரை தானே ஒரு நாளும் ஓட்டியதில்லை. அன்று உட்கார்ந்தாள். எருமையைத் துறைமுகத்தில் இருந்து எடுத்தாள். மூழ்கவே இல்லை, எதையும் சுடவும் இல்லை. பட்டப்பகலில் மேலேயே ஓட்டிக்கொண்டு கரை மறைகிற வரைக்கும் போனாள். எதிரி யாரும் வரவில்லை. "எவ்ளோ பெரிசுடி கடலு" என்றாள். பிறகு ஆட்டத்தைச் சேமித்துவிட்டு நிறுத்தினாள். இனி யார் திறக்கப்போகிறார்கள் என்று சேமித்தாளோ, தெரியவில்லை. பூப்போட்ட உறையை என்னிடம் கொடுத்தாள். அதை என் அம்மா மிக்ஸிக்குப் போட்டுக் கிழித்தாள்.

பேனரைப் பார்த்த அன்று அக்காவுக்குப் போன் போட்டேன். ரோஜாப் பண்ணை ஒன்றில் பூவைத் தரம் பிரித்துக் கட்டுகிற வேலையில் இருக்கிறாள். பேனரில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். பின்னால் செல்லோ டேப் கிழிக்கிற சத்தம் கேட்டது.

"சாமிகிட்டப் போய்ச் சேந்துட்டாரா? பாவம்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"என்னக்கா பாவம்! நீ ஏன் அப்பவே நாலு வார்த்த கேக்கல?"

"யார்கிட்டப் புள்ள? கட்டிக் குடுக்கறப்பவே எங்கப்பா சத்தியம் வாங்கிட்டாரு. சென்டரு, போலீசு, எதப் பத்தியும் இங்க வாயத் தொறக்கக் கூடாதுன்னு. டிப்ளமோ படிச்சதக்கூட மறைச்சுத்தான் முடிச்சாங்க. எம் பையனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, அவங்கம்மாவுக்குக் கம்ப்யூட்டரு தெரியும்னு. போன்ல பணம் அனுப்பறது எப்படின்னு எனக்குச் சொல்லிக் குடுக்கறான். 'இங்க அமுக்கும்மா, பயப்படாத' அப்டிங்கறான். நானும் பயந்த மாதிரியே அமுக்கறேன்."

"நம்ம எருமக் கப்பல் ஞாபகம் இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"நீ கேட்டதால சொல்றேன்" என்றாள். "போன வாரம் அவன் போன்ல கப்பல் ஆட்டம் ஆடிட்டிருந்தான். தோசை குடுக்கப் போனேன். பாத்தா நம்ம எரும! அதே ஸ்டாரு, அதே எழுத்து. 'பழைய ரஷ்யாக் கப்பலும்மா, வேஸ்ட்டு, மெதுவா போவுது' அப்டிங்கறான். தண்ணிக்குள்ளயே வெச்சு ஓட்டறான். முள்ளு சிவப்புக்கு வந்திருச்சு, அவன் பாக்கவே இல்ல. மேல வா, மேல வாடான்னு வாய் வரைக்கும் வந்துருச்சு புள்ள."

"சொன்னியாக்கா?"

"முழுங்கிட்டேன். சட்னி வேணுமான்னு கேட்டுட்டு வந்துட்டேன்."

இதுதான் நம் ஊர்ப் பிள்ளைகளைக் காத்த கதை. இதற்குத்தான் கும்பிட்டிருக்கிறீர்கள். கையை எடுங்கள்.